கதவு மேடமும் நினைவுப் பிழையும்

அலுவலகத்தில் அவளுக்குக் கதவு மேடம் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் வைக்கிற பெயர் என்றைக்காவது காதுக்கு வராமல் இருக்குமா? வந்தது. அதற்கு முன்னால் வைத்திருந்த 'கணக்குப் பிசாசு'க்கு இது எவ்வளவோ தேவலை என்று அவள் சும்மா விட்டுவிட்டாள்.

மாநகராட்சியின் இறப்புப் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. ஊரில் யார் கண்ணை மூடினாலும் வயது, காரணம், இடம் என்று ஒரு வரியாக அவளுடைய கணினிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு வரிதான். இப்படிப் பல வருடம் வரிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. 'கதவை உடைத்து உடல் எடுக்கப்பட்டது' என்ற குறிப்பு அடிக்கடி வந்தது. தனியாக இருந்தவர்கள். உள்ளே ஒருவர் இறந்து கிடக்க, வெளியே ஊர் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு கதவு திறக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. அதை இவள் எடுத்தாள். மேலதிகாரியிடம் மன்றாடி அனுமதி வாங்கி, விடுமுறை நாட்களில் ஒவ்வொரு வீடாகப் போய், அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர்.

கிடைத்த பதில்கள் சுவாரசியமானவை. மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தவர்களைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். தொலைபேசியில் பேசும் உறவுக்காரர்களால் பெரிய உபயோகம் இல்லை. எல்லாவற்றையும்விட மோசம் டிவி. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்த வீடுகள்தான் கடைசியில் திறக்கப்பட்டவை. "டிவி சத்தம் கேட்டுச்சு, ஆள் இருக்காங்கன்னு நெனச்சோம்" என்று சொல்லாத பக்கத்து வீடே இல்லை.

இன்னொன்றும் கிடைத்தது. அதை அவள் கட்டுரையில் சேர்க்கவில்லை. சந்தேகம் வந்து கதவைத் தட்டியதாகவும், உள்ளேயிருந்து பதில் வந்ததாகவும், அதனால் திரும்பிப் போய்விட்டதாகவும் சிலர் சொன்னார்கள். என்ன பதில் என்று கேட்டால், "இருக்கேன்னு சொன்னாங்க" என்றார்கள். மருத்துவரின் சான்றிதழோ அந்த மனிதர் அதற்கு முன்பே இறந்துவிட்டதாகச் சொன்னது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கில் ஒட்டாத ஒன்றைப் பார்த்தால் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள். பெயர் வைத்துவிட்டால் அது கடிக்காது என்று நினைப்பு. நாள் குழம்பியிருக்கும், கவனிக்காமல் விட்ட குற்ற உணர்ச்சியில் தட்டினேன் என்று சொல்லியிருப்பார்கள் என்று அவள் முடிவு செய்தாள். 'நினைவுப் பிழை' என்று குறியிட்டு அவ்வளவு பேரையும் ஒரே தட்டில் நீக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். நியாயமான முடிவுதான். ஊரின் வெவ்வேறு மூலைகளில் இருந்த, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மனிதர்கள் ஒரே சொல்லில் பிழை செய்திருக்கிறார்களே என்பது மட்டும் உறுத்தியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவும் தெரிந்தவள் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது மாடியில் ஒற்றை ஆளாக இருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு தம்பி, "எங்ககூட வந்துடு" என்று கூப்பிட்டான். தம்பி பெண்டாட்டியும் மனதாரவே கூப்பிட்டாள். இவள்தான் வீம்பாக மறுத்துவிட்டாள். தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவான். திங்கட்கிழமை விழுந்தால் அடுத்த ஞாயிறு வரை பொறுத்திருக்க வேண்டியதுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எதிர்வீட்டில் தையல்காரி ஒருத்தி இருந்தாள். நல்ல மாதிரி. "ஒரு சாவி எங்கிட்ட குடுத்து வைங்கக்கா, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். இதோ அதோ என்று இவள் தட்டிக் கழித்தாள். தன் வீட்டை இன்னொருத்தி திறப்பதா என்ற நினைப்பு. வெளியே போகும்போது டிவியைப் போட்டுவிட்டுப் போகிற பழக்கமும் இருந்தது. திருட்டுப் பயம் என்று சொல்லிக்கொள்வாள். உண்மையில், திரும்பி வந்து கதவோடு பதித்த பூட்டில் சாவியைப் போடும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் புள்ளியியலாளர்கள் மாநாட்டில் வாசிக்க அவளுடைய கட்டுரை தேர்வானது. வெளியூர், மூன்று நாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வழக்கம்போல் டிவியைப் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறினாள்.

மாநாடு மாநாடு மாதிரியே இருந்தது. எழுதாத பேனாவோடு ஒரு பை கொடுத்தார்கள். கழுத்தில் மாட்ட அட்டை. பெரிய அரங்கில் பெரிய மனிதர்கள் பேச, முதல் வரிசை தலையாட்டியது, கடைசி வரிசை கைபேசியைப் பார்த்தது. நடுவில் தேநீர். தேநீருக்கு நடுவில்தான் மாநாடு என்று சொன்னாலும் தப்பில்லை.

முதல் நாள் சாயங்காலம் அந்தத் தேநீர் மேசையில்தான் மழைக்காரரைப் பார்த்தாள். வானிலை அலுவலகத்தில் மழை அளவுகளைத் தொகுக்கிறவர். அளக்கும் ஆள் வராமல் போன நாட்களில் எவ்வளவு மழை பெய்திருக்கும் என்று கணிப்பது எப்படி என்பது அவருடைய கட்டுரை. மறுநாள் ஒரே அமர்வு, அவர் முதலில், இவள் அடுத்து. மனைவி இறந்து, மகள் வெளிநாட்டில். அவரும் ஒண்டிக்கட்டைதான். நாலு வார்த்தை பேசியதுமே ஒட்டிக்கொள்கிற ரகம்.

"உங்க கணக்குப்படி நான் விழுந்தா எப்போ மேடம் கிடைப்பேன்?" என்று கேட்டார்.

"வீட்டுலயா, இங்கயா?"

"இங்கதான்னு வைங்க."

"ஹோட்டல்னா கவலையே இல்ல சார். வாடகை பாக்கி வெச்சிட்டு யாரையும் சாக விடமாட்டாங்க."

அவர் தேநீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். தலை லேசாக வலிக்கிறது, சீக்கிரம் படுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கழுத்தில் அட்டை ஆட, மாடிக்குப் போனார். மாநாட்டுக்கு வந்த எல்லாருக்கும் அதே ஹோட்டலின் மேல் மாடிகளில்தான் அறை.

மறுநாள் அமர்வு ஒரு சின்ன அறையில் நடந்தது. குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. தலைமை தாங்கிய பேராசிரியர் மேசைமேல் ஒரு மணி வைத்திருந்தார். நேரம் தாண்டிப் பேசுகிறவர்களை அடக்க. முதல் கட்டுரைக்கு மழைக்காரரைக் கூப்பிட்டார். ஆள் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, "விடுபட்ட விவரத்தைப் பத்திப் பேச வந்தவரே விடுபட்டுப் போயிட்டாரு" என்றார். அறை கொல்லென்று சிரித்தது. இவளும்தான் சிரித்தாள். மாநாட்டில் ஆள் வராமல் போவது சகஜம். ஒரு பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போக அந்தக் கூட்டத்துக்குச் சொல்லித் தரவே வேண்டாம், அதுதானே அவர்கள் பிழைப்பு.

இவள் எழுந்து வாசித்தாள். நன்றாகவே போயிற்று. டிவி ஓடிய வீடுகளைப் பற்றிய படம் திரையில் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"யாரையாவது கணக்குலேர்ந்து நீக்கினீங்களா மேடம்?"

"கொஞ்சம் பேரை. நினைவுப் பிழை."

"என்ன பிழை?"

"இறந்ததுக்கு அப்புறமும் பதில் சொன்னதா சொன்னாங்க."

மறுபடி சிரிப்பு. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "பிழைன்னா ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கணுமே. இவங்க எல்லாரும் என்ன பதில் வந்ததா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

இவள் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் மணியை அடித்துவிட்டார். தப்பித்தோம் என்று கீழே இறங்கியவளின் கண், மேசைமேல் வாசிப்பவர்களுக்கென்று வைத்திருந்த தண்ணீர் பாட்டில்கள் பக்கம் போயிற்று. ஒன்று மட்டும் மூடி திறக்காமல் நின்றது. தலை வலிக்கிறது என்று அவர் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காலைச் சாப்பாட்டிலும் அவரைக் காணவில்லை. அடுத்தவர் பேசத் தொடங்கியிருந்தார். இவள் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வரவேற்புக்குப் போனாள்.

வரவேற்பில் இருந்த மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார் ரூம்லதான் இருக்காரு மேடம்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"காலைல கூட்ட வந்த பொண்ணு தட்டியிருக்கா. பதில் சொன்னாராம்."

"அந்தப் பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

துடைப்பத்தோடு வந்த பெண் ஏதோ புகார் என்று பயந்துபோய் நின்றாள். "அவரு என்னம்மா சொன்னாரு?" என்று இவள் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை மேடம். உள்ள ஆள் இருக்கான்னு கேட்டேன். இருக்கேன்னாரு. வந்துட்டேன்."

ஹோட்டலில் அறை கூட்ட வந்தவளிடம் மனிதர்கள் அப்புறம் வா என்பார்கள், வேண்டாம் என்பார்கள். எத்தனை வீட்டு வாசலில் உட்கார்ந்து இந்த 'இருக்கேன்' என்ற சொல்லைக் கேட்டு, எழுதி, பிறகு அழித்திருக்கிறாள் அவள்!

மேலாளரை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தாழ்வாரம் முழுக்கக் கம்பளம், நடக்கிற சத்தமே இல்லை. அவருடைய அறை வாசலில் நின்றார்கள். உள்ளே டிவியில் ஒரு பெண் சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, டிவி ஓடுது" என்றார் மேலாளர், எல்லாம் தீர்ந்த மாதிரி.

"அதனாலதான் திறக்கச் சொல்றேன்."

"மேடம், குளிச்சிட்டு இருந்தார்னா எங்க மானம் போயிடும். மாநாட்டுக்கு வர்றவங்க பாதிப்பேரு ரூம்ல படுத்துத் தூங்கறவங்கதான்."

அவள் கதவைத் தட்டினாள். சமையல்காரி வெங்காயம் பொன்னிறமாக வதங்கட்டும் என்றாள். வேறு சத்தம் இல்லை. கதவில் காதை வைத்தாள். மேலாளர் பொறுமை இழந்து, "சார், உள்ள இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

பதில் வரப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. கதவுக்கு அந்தப்பக்கம், தன் காதுக்கு நேர் எதிரே, யாரோ பேச வாயெடுப்பதுபோல் இருந்தது. அவள் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. பதில் வந்துவிட்டால் இந்த ஆள் திரும்பிப் போய்விடுவார், அவ்வளவுதான், உள்ளே கிடப்பவர் கதி முடிந்தது என்று பட்டதும் அவள் கதவைப் படபடவென்று அறைந்தாள்.

"நான் அவரோட அக்கா" என்றாள். "பொறந்ததுலேர்ந்து சர்க்கரை வியாதி. ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன். திறங்க."

இரண்டும் பச்சைப் பொய். உறவுக்காரர்களால் உபயோகம் இல்லை என்று கீழே கால் மணி நேரத்துக்கு முன்னால் வாசித்தவள், மேலே உறவைச் சொல்லித்தான் கதவைத் திறக்க வைத்தாள்.

மழைக்காரர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். நேற்றைய உடுப்பு. கழுத்தில் மாநாட்டு அட்டை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் முழுசாகத் திறந்திருந்தது, மூச்சும் இருந்தது. மேலாளர் கீழே ஓடினார். இவள் முதலில் டிவியை நிறுத்தினாள். பிறகு தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி வரும்வரை ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள்.

பக்கவாதம் என்றார் மருத்துவர். நேற்றைக்கே வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்.

"காலைல பேசியிருக்க முடியுமா டாக்டர்?"

"சான்ஸே இல்ல. விழுந்தப்பவே நாக்கு போயிருக்கும்."

கூட வந்திருந்த மேலாளர், அறை கூட்டும் பெண் டிவி சத்தத்தைக் கேட்டுத்தான் உளறிவிட்டாள் என்று சமாதானம் சொன்னார். ஆனால் அந்தப் பெண் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். தன்னால் ஒரு உயிர் போகப் பார்த்ததே என்று அவளுக்கு அழுகை. "டிவில பொம்பளை பேசிட்டிருந்தா மேடம். எனக்குச் சொன்னது ஆம்பளைக் குரல். சத்தியமா கேட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நினைவுப் பிழை என்று அவளிடம் சொல்ல இவளுக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் மாநாட்டுக்குப் போகவில்லை. மழைக்காரரின் மைத்துனர் வந்து சேரும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தாள். அவருக்கு நினைவு தெளிந்திருந்தது. பேச்சு இல்லை. ஒரு கையை அசைக்க முடிந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று தனக்குள் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டாள்.

"ஆமான்னா கையை அழுத்துங்க சார். நேத்துக் காலைல ரூம் கூட்ட வந்த பொண்ணு தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அழுத்தினார்.

"நீங்க பதில் சொன்னீங்களா?"

கை அப்படியே கிடந்தது. கண்ணின் ஓரத்தில் நீர் கோத்துக்கொண்டது.

"வேற யாராவது சொன்னாங்களா?"

அவர் அழுத்திய அழுத்தில் அவளுக்கு விரல் வலித்தது. விடவே இல்லை. அங்கே தரையில் கிடந்துகொண்டு, தன் அறைக்குள்ளிருந்து தனக்குப் பதிலாக ஒரு குரல் இருக்கேன் என்று சொல்வதையும், அதை நம்பிக் காலடிகள் விலகிப் போவதையும் கேட்டிருக்கிறார் மனிதர். அதற்கு மேல் அவளால் எதையும் கேட்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பும் ரயிலில், நீக்கிய அத்தனை பேரும் அவளுக்கு நினைவுக்கு வந்தார்கள். ஒரு கிழவர், சைக்கிள் கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண். யாரும் பொய் சொல்கிற முகமாக இல்லை. நல்ல மனசோடு தட்டி, பதில் கிடைத்து, நிம்மதியாகத் திரும்பியவர்கள். அவர்களைத்தான் பிழை என்று துடைத்துப் போட்டிருக்கிறாள். அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மூன்றாவது மாடி இருட்டாகக் கிடந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறினால், தையல்காரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஊசி அப்படியே நின்றது.

"என்னக்கா, இருட்டற நேரத்துல பெட்டியும் கையுமா எங்க கிளம்பிட்டீங்க?"

"கிளம்பலை. இப்பத்தான் ஊர்லேர்ந்து வர்றேன்."

"எந்த ஊர்லேர்ந்து?"

"மாநாடு. மூணு நாளா நான் இங்க இல்ல."

தையல்காரி சிரித்தாள். "விளையாடாதீங்கக்கா. காலைலகூடப் பேசினோமே. நம்ம மாடிக்கு மட்டும் நேத்துலேர்ந்து கரண்ட் இல்ல. பாவம், தனியா இருட்டுல என்ன பண்றாங்களோன்னு மெழுகுவத்தி வேணுமான்னு கேக்கத் தட்டினேன். அக்கா இருக்கீங்களான்னு கேட்டேன். இருக்கேன்னீங்க."

டிவி ஓடியிருக்க முடியாது என்பதுதான் முதலில் தோன்றியது. நேற்றிலிருந்து மின்சாரம் இல்லை. தன் கதவைப் பார்த்தாள். பூட்டு அவள் பூட்டிய மாதிரியே இருந்தது. உள்ளே சத்தமே இல்லை. பல வருடங்களில் முதல் தடவையாக, அவளுடைய வீடு அவள் வரும்போது பேசாமல் இருந்தது.

"என் குரலா அது?" என்று கேட்டாள்.

"பின்ன யாரு குரலு? என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

அவள் கைப்பையைத் துழாவினாள். ஒரே வளையத்தில் இரண்டு சாவி. ஒன்றைக் கழற்றித் தையல்காரியின் கையில் வைத்தாள். "நீ கேட்டுட்டே இருந்தியே, வெச்சுக்க. இப்ப நீயே திறந்துடு. எனக்குத் தனியா திறக்க பயமா இருக்கு" என்றாள். இந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தையல்காரியும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மறு கேள்வி கேட்காமல் எழுந்தாள்.

பூட்டு திறந்தது. தையல்காரி மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு முன்னால் உள்ளே போனாள். கூடத்தில் எல்லாம் போட்டது போட்டபடி. நாற்காலி, செத்துப்போன டிவி, அதற்கு அந்தப்பக்கம் படுக்கையறைக் கதவு பாதி திறந்து, உள்ளே ஒரே இருட்டு. இவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் காலடி கேட்காததால் தையல்காரி, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

கேள்வி அவளுக்குத்தான். ஆனால் குரல் போனது வீட்டுக்குள். படுக்கையறைப் பக்கம் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இருக்கேன்" என்று அவள் கத்தினாள். மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. "இங்க இருக்கேன். உன் பின்னால. வாசல்ல."

தையல்காரி திடுக்கிட்டுத் திரும்பியதில் மெழுகுவத்தி அணைந்தது. "பக்கத்துலதானே நிக்கறீங்க. எதுக்குக்கா இவ்ளோ சத்தம்?"

இவள் எட்டி அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். இருட்டில் இருவரும் வாசலில் நின்றார்கள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. தையல்காரி சாவியைத் திருப்பிக் கொடுக்க நீட்டினாள். இவள் வாங்காமல் அவளுடைய விரல்களை அதன்மேல் மடக்கி மூடினாள்.

"உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "இனிமே நீ தட்டி நான் பதில் சொன்னாலும் நம்பாத. திறந்து பாத்துடு."